புண்ணைக் கண்ட காக்காய்கள்

செல்லியம்மாள் அந்தக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தபோது உச்சிப்பொழுது. வண்டிப்பாதையில் முன்னும் பின்னும் ஓர் ஆள் இல்லை. வெள்வேல மரத்தடியில் உட்கார்ந்து அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்த அந்தப் பெண்குழந்தைக்கு மூன்று வயதுக்கு மேல் இராது. காலில் வெள்ளித் தண்டை, கழுத்தில் மெல்லிய பொன் சங்கிலி. முழங்கை சிராய்த்து ரத்தம் காய்ந்திருந்தது.

"ஆரு ஊட்டுக் கொளந்தை சாமி நீ? உம் பேரு என்ன?"

"சௌந்தி" என்றது குழந்தை. அதற்கு மேல் ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

மரத்தடியிலேயே ஒரு நாழிகை காத்திருந்து பார்த்தாள். தேடிக்கொண்டு யாரும் வரவில்லை. மேய்ச்சலுக்கு ஓட்டி வந்த செம்மறி மந்தையோடு இரண்டு வெள்ளாடும் வைத்திருந்தாள். அதில் ஒன்றைப் பிடித்துக் கொட்டாங்குச்சியில் பால் கறந்து குழந்தைக்குப் புகட்டினாள். பிறகு ஆடுகளைப் பட்டியில் இருந்த கொழுந்தன் தீர்த்தகிரியிடம் விட்டுவிட்டு, ஜலகண்டாபுரம் பக்கம் நடந்தாள். அன்று அங்கே சந்தை. பிள்ளையைத் தொலைத்தவர்கள் எவரானாலும் அங்கேதான் அலைந்துகொண்டிருப்பார்கள் என்பது அவள் கணக்கு.

மேச்சேரிக்கு இரண்டு மைல் தள்ளியிருக்கும் கரட்டூர்க்காரி அவள். அப்போது நாற்பது வயது. புருஷன் போய் ஏழு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. குட்டை வாலும் செம்மண் நிறமுமாக முப்பத்தாறு மேச்சேரி ஆடுகள்தான் அவள் சொத்து. அறுவடை முடிந்ததும் தீர்த்தகிரியும் அவளும் மந்தையை ஓட்டிக்கொண்டு தெற்கே இறங்குவார்கள். புஞ்சைக் காட்டுக்காரர்கள் கேட்கிற நிலத்தில் மூங்கில் படல்களை வளைத்துக் கட்டி ஆட்டுப்பட்டி போடுவார்கள். ஆட்டுப் புழுக்கை நிலத்துக்கு உரம். அதற்குக் கூலியாகக் கம்போ சோளமோ கிடைக்கும். பத்து வருஷமாக அந்தப் பாதையில் போய் வருகிறவள்தான். ஆனால் சந்தைக்கு வருகிற அத்தனை பேரும் அவளை அறிந்தவர்கள் இல்லை.

அது 1936, மாசி மாதம். அந்த வருஷம் அந்தப் பக்கத்தில் ஒரு பீதி பரவியிருந்தது. சரபங்கா ஆற்றில் கட்டிக்கொண்டிருந்த ஒரு பாலத்தின் தூண் ஐப்பசி வெள்ளத்தில் சாய்ந்துவிட்டது. தூண் நிற்கவேண்டுமானால் குழந்தை பலி கொடுக்க வேண்டுமாம், கண்டிராக்டர் பிள்ளை பிடிக்க ஆள் விட்டிருக்கிறானாம் என்று எவனோ கிளப்பிவிட்டான். எந்த ஊரிலும் ஒரு குழந்தைகூடக் காணாமல் போகவில்லை. ஆனாலும் தாய்மார்கள் பிள்ளைகளை வாசலுக்கு விடுவதில்லை. சாம்பிராணிப் புகை போட வந்த பக்கிரியைக்கூட ஓர் ஊரில் கட்டிவைத்து விசாரித்தார்கள்.

இது எல்லாம் செல்லியம்மாளுக்கும் தெரியும். தெரிந்தும் தூக்கினாள். அழுகிற குழந்தையை வெயிலில் விட்டுவிட்டுப் போக அவளால் ஆகவில்லை.

சந்தைக்கு அரை மைல் இருக்கும்போது எதிரே ஏழெட்டுப் பேர் வந்தார்கள். ஒருவன் நின்றான்.

"ஏம்மா, ஆரு கொளந்தை அது?"

"தெரியலீங்க. வழியில அளுதுக்கிட்டுக் கெடந்துச்சு. சந்தையில ஆராச்சும் தேடுவாங்கன்னு..."

அவள் சொல்லி முடிக்கவில்லை. "சுப்பையக் கவுண்டரு ஊட்டுப் புள்ளைடா! சந்தையில காணோம்னு தேடிக்கிட்டு இருக்கறாங்க!" என்று ஒருவன் கூவினான். குழந்தையை அவள் இடுப்பிலிருந்து பிடுங்கினார்கள். அது அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று வீரிட்டது. அந்த அலறலைக் கேட்டு இன்னும் கூட்டம் சேர்ந்தது. முதல் அடி அவள் தோளில் விழுந்தது. அடுத்தது எங்கே விழுந்தது என்று அவளுக்கு நினைவில்லை.

அந்த நேரத்தில் சைக்கிளில் வந்து இறங்கியவன் காளியண்ணன். ஜலகண்டாபுரத்துக்காரன், தறிக்குடும்பத்துப் பிள்ளை. தறி பிடிக்காமல் பத்திரிகை ஏஜென்ட் ஆனவன். பத்திரிகைகளை விற்றதோடு, உள்ளூர்ச் செய்திகளைக் கார்டில் எழுதிச் சேலத்து வாரப் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பவும் செய்தான். கூட்டத்தில் நான்கு பேரிடம் விசாரித்தான். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டான். மண்ணில் உட்கார்ந்து உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் அவளை இரண்டு நாள் வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் நிதானமான ஆள். குழந்தையின் சங்கிலியும் தண்டையும் அப்படியே இருந்தன. சந்தையில் பிள்ளை பிடித்தவள் சந்தையைப் பார்த்து ஏன் நடந்து வரவேண்டும் என்பதும் அவருக்கு உறைத்தது. "இவள்மேல் குற்றம் இல்லை" என்று எழுதி அனுப்பிவிட்டார். ஸ்டேஷன் வாசலில் காத்திருந்த தீர்த்தகிரியோடு அவள் நடந்தே பட்டிக்கு வந்து சேர்ந்தாள். அத்தோடு அது முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தாள்.

ஐந்தாம் நாள் அந்தச் சேலத்துப் பத்திரிகை வந்தது.

பட்டி அப்போது கருப்பண்ணன் என்பவருடைய காட்டில் இருந்தது. அவர் நாலெழுத்துப் படித்தவர். ஜலகண்டாபுரம் போய்த் திரும்பியவர் வரப்பிலேயே நின்றுகொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"உன்னையப் பத்திப் பேப்பர்ல போட்டிருக்கான், செல்லி."

"என்னைய என்னத்துக்குங்க?"

அவர் படித்தார். 'பிள்ளை பிடிக்கும் பெண் பிடிபட்டாள்' என்று தலைப்பு. சந்தையில் கூட்டத்துக்குள் புகுந்து குழந்தையைத் தூக்கியதாகவும், ஊர்மக்கள் துரத்திப் பிடித்ததாகவும் எழுதியிருந்தது. விடுதலை ஆனது அதில் இல்லை. கார்டு தபாலில் போன நேரத்தில் அவள் இன்னும் ஸ்டேஷனில் இருந்தாள்.

அவள் பேப்பரை வாங்கிப் பார்த்தாள். கறுப்புக் கறுப்பாக எழுத்து. இதில் எது தன் பேர் என்று கேட்டாள். கருப்பண்ணன் விரலை வைத்துக் காட்டினார். அவள் அந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேலத்தில் அதற்குப் போட்டியாக இன்னொரு வாரப் பத்திரிகை உண்டு. அது சும்மா இருக்குமா? அடுத்த இதழில் ஒரு குழந்தை மூன்று குழந்தையானது. ஈரோட்டிலிருந்து வந்த ஒன்று ஏழு என்றது. பட்டணத்துப் பத்திரிகை ஒன்று, 'நரபலிக் கூட்டத்தின் தலைவி' என்று பெரிய எழுத்தில் போட்டது. எழுதியவர்களில் ஒருவர்கூட இன்ஸ்பெக்டரைப் போய்க் கேட்கவில்லை. ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதினார். பார்த்து எழுதியது தெரியாமலிருக்கக் கொஞ்சம் கூட்டி எழுதினார்.

பிறகு ஆட்களே வர ஆரம்பித்தார்கள். ஓமலூரில் பஸ் இறங்கி, மாட்டுவண்டி பிடித்து, காடு விசாரித்துக்கொண்டு வந்தார்கள். மூன்று நாளில் ஆறு பேர். பட்டிக்குள் புகுந்து ஆட்டுப் புழுக்கையைக் கிளறினார்கள். நரி தின்றுபோட்ட குட்டியின் எலும்பு ஒன்று கிடைத்தது. அதைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போனார் ஒருவர். கோட்டுப் போட்டிருந்த இன்னொருவர் மூன்றுகால் காமிராவை நிறுத்தினார். செல்லியம்மாள் அவரைத் தாலுகா கச்சேரி அதிகாரி என்று நினைத்தாள்.

"அதைக் கையில் பிடி" என்றார், படலில் சாத்தியிருந்த தொரட்டியைக் காட்டி. நீளமான மூங்கில் கழியின் நுனியில் அரிவாள் கட்டியது தொரட்டி. ஆடுகளுக்கு வேலமரத்துக் காயும் தழையும் அறுத்துப் போடுவது அதில்தான்.

அதிகாரி சொல்கிறாரே என்று பிடித்தாள். கண் கூசாமல் நேரே பார்க்கச் சொன்னார். பார்த்தாள்.

அந்தப் படம் அச்சில் வந்தபோது, அடியில் 'கொலைக் கருவியுடன்' என்று போட்டிருந்தது.

அவர்கள் எல்லாம் போன மத்தியானம், ஒரு கிடாவின் முதுகில் முள் கீறிய புண்ணுக்கு அவள் வேப்பெண்ணெயும் கரியும் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாள். தீர்த்தகிரி பக்கத்தில் குந்தியிருந்தான். எப்போதுமே பயந்த சுபாவம்.

"ஏன் மதினி, இத்தனை பேரு எங்கிருந்துதான் வாராங்க?"

"புண்ணைக் கண்ட காக்காயாட்ட வாராங்க" என்றாள். "ஒண்ணு வந்து உக்காந்துச்சுன்னா, அதைப் பாத்து மத்தது வருது."

"ஆட்டையெல்லாம் வித்துப்போட்டு வடக்கே போயிரலாம் மதினி. தர்மபுரிப் பக்கம் எங்க மாமன் ஊடு இருக்குது."

"ஓடிட்டா, எழுதுனது அத்தனையும் நெசமாயிரும்டா."

மறுநாள் காலையில் அவனைக் காணோம்.

கருப்பண்ணனும் வந்தார். அவளுடைய முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நான் உன்னையச் சந்தேகப்படலை, செல்லி. ஆனா ஊட்டுல பொம்பளைங்க பயப்படறாங்க. பட்டியை எடுத்துரு."

வேறு காட்டுக்காரர் ஒருவரும் இடம் கொடுக்கவில்லை. ஊர்க்கிணற்றில் ஆடுகளுக்குத் தண்ணீர் இறைக்கப் போனால் பெண்கள் குழந்தைகளை இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். வற்றிக் கிடந்த ஏரிக்குள் பட்டியைப் போட்டாள். யாருக்கும் சொந்தமில்லாத இடம். மேய்ச்சலும் இல்லாத இடம். ஆடுகள் பசியில் கத்தின.

யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். குழந்தை அந்த மரத்தடிக்கு எப்படி வந்தது என்று தெரிந்தவர்கள் உலகத்தில் ஒரு வீட்டில்தான் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்குப் போனாள்.

சுப்பையன் பெரிய காட்டுக்காரர். ஏத்தக் கிணறு மூன்று, தோப்பு, நாலு ஜோடி மாடு. களத்தில் நின்று ஆட்களுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் அவளைக் கண்டதும் முகம் கறுத்தார். வீட்டுக் கதவோரத்தில் அவர் மனைவி வசந்தாமணி நின்றிருந்தாள். அவள் காலைக் கட்டிக்கொண்டு நின்ற குழந்தை, செல்லியம்மாளைப் பார்த்ததும் கையை நீட்டிக்கொண்டு ஓடி வரப் பார்த்தது. தாய் அதைப் பிடித்து நிறுத்தினாள்.

"இங்க எதுக்கு வந்தே?" என்றார் சுப்பையன்.

"ஒரே ஒரு பேச்சுங்க. கொளந்தை சந்தையில காணாமப் போகலீங்க. சந்தைக்கு ரெண்டு மைலுக்கு இந்தப் பக்கம், வண்டித்தடத்துல கெடந்துச்சு. முளங்கை சிராய்ச்சிருந்துச்சு. அது உங்களுக்குத் தெரியாம இருக்காதுங்க. அதை மட்டும் நாலு பேருக்கு முன்னால சொல்லிப் போடுங்க சாமி. நான் என் ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிடறேன்."

"நீ புடிச்சேன்னு நாங்களா சொன்னோம்? பேப்பர்காரன் எழுதுனா அதுக்கு நாங்க என்ன பண்றது?"

"சந்தையில காணாமப் போச்சுன்னு சொன்னது நீங்கதானுங்களே."

களத்தில் நின்ற ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சுப்பையனுக்குக் குரல் உயர்ந்தது. "போறியா, ஆளை உட்டு இழுத்து வெளியே தள்ளச் சொல்லட்டுமா?"

செல்லியம்மாள் அவரைப் பார்க்கவில்லை. கதவோரத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அம்மிணி, நான் போயிட்டு வாரேன். கொளந்தைக்கு முளங்கை ஆறிருச்சுங்களா?"

வசந்தாமணி கணவரை ஒருமுறை பார்த்தாள். குழந்தையை வாரிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து, காலை வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம். ஏரிக்கரைக்கு அந்தப்புறம் இரைச்சல் கேட்டது. முதலில் சந்தைக்குப் போகிற கூட்டம் என்று நினைத்தாள். பிறகுதான் அன்று சந்தை இல்லை என்பது நினைவு வந்தது.

கரை மேல் முதலில் தெரிந்தவர்கள் பத்திரிகைக்காரர்கள். நான்கு பேர். காமிராக்காரர் வேகு வேகென்று நடந்து, நல்ல இடம் பார்த்துக் காமிராவின் மூன்று காலையும் ஊன்றினார். காளியண்ணனும் வந்திருந்தான், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் கூட்டம். நூறு பேர் இருக்கும். கையில் தடி, கடப்பாரை. சிலர் மடி நிறையக் கல் பொறுக்கி வைத்திருந்தார்கள்.

பக்கத்து ஊரில் அன்று விடிந்ததிலிருந்து ஒரு பையனைக் காணோமாம்.

"எங்கடி ஒளிச்சு வெச்சிருக்கே?" என்று ஒருவன் கரையிலிருந்து கத்தினான்.

ஓட இடமில்லை. மூன்று பக்கமும் கரை, நாலாவது பக்கம் ஒளிய மறைவில்லாத வெட்டவெளி. ஆடுகள் மிரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறின. படல் சாய்ந்தால் மந்தை சிதறிவிடும் என்று அவள் உள்ளே நின்று இரண்டு கையாலும் படலைப் பிடித்துக்கொண்டாள். முதல் கல் ஒரு பெட்டையின் விலாவில் விழுந்தது. அது கத்திய கத்தல் அவளுக்கு எங்கிருந்தோ தெம்பைக் கொடுத்தது.

காளியண்ணன் மற்றவர்களை முந்திக்கொண்டு பட்டிக்கு வெகு அருகில் வந்திருந்தான். நோட்டை விரித்துப் பென்சிலை நாக்கில் நனைத்தான். செல்லியம்மாள் படலுக்கு மேலாக எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். முரண்டு பிடிக்கிற கிடாவைக் கொம்பைப் பிடித்து இழுத்துப் பழகின கை அது. ஒரே இழுப்பில் அவன் படலோடு சரிந்து பட்டிக்குள் வந்து விழுந்தான்.

"உடு! உடும்மா என்னைய!"

"உடமாட்டேன் சாமி. என்னையப் புள்ளை புடிக்கறவள்னு மொத மொதல்ல எழுதுனது நீதானே? சொல்லு."

"நான்... ஊருல சொன்னதைத்தான் எழுதுனேன்."

"எங்கிட்ட ஒரு பேச்சுக் கேட்டியா? மண்ணுல உக்காந்துக்கிட்டு இருந்தனே, உன் கண்ணுக்குத் தெரியலையா? இப்ப எங்கூடவே நில்லு. எறியற கல்லு உன் மேலயும் விளட்டும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது கல் வந்தது. அது அவளைக் குறிவைத்து வந்ததுதான். விழுந்தது காளியண்ணன் நெற்றியில். ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அவன் ஒரு கையால் நெற்றியைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கை அவள் பிடியில் இருக்க, தொண்டை கிழியக் கத்தினான்:

"எறியாதீங்க! எறியாதீங்க! நான் காளியண்ணன்! இந்தம்மா புள்ளை புடிக்கலை! நான் விசாரிக்காம எழுதிட்டேன்! கொளந்தை மேல நகை ஒண்ணும் கொறையலை, போலீஸே உட்டுட்டாங்க! போயி ஸ்டேஷன்ல கேளுங்க!"

கூட்டம் சட்டென்று நின்றது. அவன் அவர்களுக்குத் தெரிந்த பையன். அவன் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் அவர்களில் பாதிப்பேர் வந்திருந்தார்கள். முன்னால் நின்றவன் ஓங்கிய கையை இறக்கவும் இல்லை, வீசவும் இல்லை. "அப்ப எங்கூருப் பையன் எங்கே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது. மறுபடி சலசலப்பு. நாலைந்து பேர் கரையிலிருந்து இறங்கத் தொடங்கினார்கள். செல்லியம்மாள் காளியண்ணன் கையை விடவில்லை.

அப்போது கரைக்கு அந்தப்புறமிருந்து ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். பையன் கிடைத்துவிட்டான். அவன் அத்தை வீட்டுப் பரண்மேல், வைக்கோலுக்குள் தூங்கிக்கொண்டிருந்தானாம்.

ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. மடியிலிருந்த கற்களை அங்கங்கே உதிர்த்துவிட்டு இரண்டிரண்டு பேராகக் கலைந்து போனார்கள். காமிராக்காரர் எல்லோருக்கும் முன்னால் போயிருந்தார்.

கல்லெறி வழக்கில் நான்கு பேர் பிடிபட்டார்கள். சித்திரையில் விசாரணை. செல்லியம்மாளும் காளியண்ணனும் சாட்சிகள். சுப்பையனுக்கும் சம்மன் போயிருந்தது. வசந்தாமணி, வராதே என்று கணவர் சொல்லியும் கேட்காமல் குழந்தையோடு வண்டியில் ஏறி வந்துவிட்டாள் என்று பின்னால் அன்று வண்டி ஓட்டியவன் சொன்னான். கோர்ட்டுக்குள் நிற்க இடமில்லை. பத்திரிகைக்காரர்கள் மட்டும் பன்னிரண்டு பேர்.

மாஜிஸ்திரேட் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வயசானவர், பொறுமையாகக் கேட்டார்.

"உனக்குக் கெடுதல் செய்தது யார் என்று நினைக்கிறாய் அம்மா? கல்லெறிந்தவர்களா?"

"அவங்களுக்கு என்னங்க தெரியும்? பேப்பர்காரங்கதானுங்க. புண்ணைக் கண்ட காக்காயாட்ட கூடிட்டாங்க."

பின்னால் சிலர் சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. "அப்படியென்றால்? எங்கள் பக்கத்தில் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. விளங்கச் சொல்."

செல்லியம்மாள் கொஞ்சம் யோசித்தாள். அவ்வளவு பேருக்கு முன்னால் அவள் பேசியதே இல்லை.

"ஆட்டு முதுகுல முள்ளுக் கீறிரும்ங்க. ஒரு விரக்கடைதான் இருக்கும். உட்டா நாலு நாள்ல ஆறிப்போயிரும். ஆனா ஒரு காக்கா பாத்துரும். வந்து உக்காந்து ஒரு கொத்துக் கொத்தும். அது கொத்தறதை இன்னொரு காக்கா பாக்கும். அதுக்குப் புண்ணு தெரியாதுங்க, மொதக் காக்காயைத்தான் தெரியும். அங்க என்னமோ இருக்குதுன்னு வரும். பொழுது உச்சிக்கு வாரதுக்குள்ள பத்துக் கூடிரும். சாயங்காலம் பாத்தா விரக்கடைப் புண்ணு சாண் புண்ணாயிருக்கும். முள்ளு கீறுனது எது, காக்கா கொத்துனது எதுன்னு கண்டுபுடிக்கவே முடியாதுங்க. ஆடு செத்துப் போறதும் உண்டு."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார்.

"காக்காய்க்கு ஆட்டு மேல கோவம் ஒண்ணும் இல்லீங்க" என்றாள். "அதைத் தொரத்தியும் பிரயோசனம் இல்லை, சுத்திச் சுத்தி வரும். புண்ணை மூடோணும். அவ்வளவுதானுங்க. என் புண்ணை மூடறதுக்கு மருந்து எங்கிட்ட இல்லை. அந்த அம்மிணிகிட்ட இருக்குது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வசந்தாமணி சுவரோரம் குழந்தையோடு நின்றிருந்தாள். சுப்பையன் அவளைப் பார்த்து ஏதோ சைகை காட்டினார். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நான் சொல்றேனுங்க" என்றாள்.

அவளைக் கூண்டில் ஏற்றினார்கள். சந்தைக்குப் போகிற வழியில் வண்டியை ஓட்டிய புருஷனுக்கும் அவளுக்கும் வாய்ச்சண்டை. அவள் பிறந்த வீட்டாரைப் பற்றி அவர் ஏதோ சொன்னார். அவளும் விடவில்லை. பின்னால் வைக்கோல்மேல் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை, பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டபோது கீழே விழுந்திருக்கிறது. சண்டைச் சத்தத்தில் இருவருக்குமே தெரியவில்லை. சந்தையில் இறங்கிய பிறகுதான் பார்த்தார்கள். வந்த வழியே தேடிப் போவதற்குள் செல்லியம்மாள் பிடிபட்டிருந்தாள்.

"பெத்தவங்க ரெண்டு பேரும் பக்கத்துல இருந்துக்கிட்டே புள்ளையைத் தவற உட்டுட்டோம்னு சொல்ல வெக்கமாயிருந்துச்சுங்க. அதான் சந்தையில காணோம்னு சொன்னோம். பொறவு பேப்பர்ல வந்துச்சு. நாளுக்கு நாள் பெருசாச்சு. பெருசாக ஆக, எங்களுக்கு வாய் தொறக்கப் பயமாயிருச்சு. என் கொளந்தைக்கு இவங்க பால் குடுத்துத் தூக்கிக்கிட்டு வந்தாங்க. நாங்க அவங்களுக்கு அடி வாங்கிக் குடுத்தோம்."

சொல்லிவிட்டுக் கூண்டைவிட்டு இறங்கினாள்.

கல்லெறிந்த நால்வருக்கும் அபராதம் விதித்தார்கள். பத்திரிகைக்காரர்கள் மேல் வழக்கு இல்லை. கோர்ட்டில் நடந்ததைப் பன்னிரண்டு பேரும் எழுதினார்கள். அவளைத் 'தலைவி' என்று எழுதிய பட்டணத்துப் பத்திரிகை இப்போது 'கிராமத்து உத்தமி' என்று போட்டது. தாங்கள் முன்பு எழுதியது பொய் என்று இரண்டு பேர்தான் ஒப்புக்கொண்டார்கள். அதில் காளியண்ணன் ஒருவன். அவன் எழுத்து நாலு வரிதான், உள்பக்கத்தில், விளம்பரத்துக்குக் கீழே. அவன் முதல் பக்கம்தான் கேட்டிருந்தான். பத்திரிகை கொடுக்கவில்லை.

அவள் சொன்ன பேச்சு மட்டும் அச்சிலிருந்து ஊர்களுக்குத் திரும்பி வந்து தங்கிவிட்டது. ஜலகண்டாபுரத்துத் தறிக்குழிகளிலும் ஓமலூர் பஸ் நிற்கிற இடத்திலும், எந்த வீட்டு விவகாரமாவது பேப்பரில் ஏறி நாலு பேர் விசாரித்துக்கொண்டு வந்தால், "காக்கா கூடிருச்சு" என்பார்கள். விவரம் தெரியாதவர்கள் கல்யாணக் கூட்டத்தைப் பார்த்தும் அப்படிச் சொன்னதுண்டு. செல்லியம்மாள் காதில் விழுந்தால், "அங்க புண்ணு ஏது? சோறு திங்க வந்த கூட்டம் அது" என்று திருத்துவாள். காளியண்ணன் அதற்குப் பிறகும் செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருந்தான். சம்பந்தப்பட்ட ஆளைப் பார்த்துப் பேசாமல் மட்டும் கார்டைத் தபாலில் போடுவதில்லை. அவன் செய்தி எப்போதும் இரண்டு நாள் தாமதமாக வருகிறது என்று பத்திரிகை ஆசிரியர் குறைப்பட்டுக்கொண்டார்.

தீர்த்தகிரி ஆடி மாதம் திரும்பி வந்தான். வாசலில் நின்றான். அவள் ஒன்றும் கேட்காமல் சோற்றைப் போட்டாள்.

ஆனால் அவளுக்குள் ஒன்று முறிந்துதான் போயிருந்தது. வருஷக்கணக்காக, வழியில் எங்கே குழந்தை அழுதாலும் அவள் எட்டவே நின்றுவிடுவாள். "ஆரு ஊட்டுப் புள்ளை? ஆராச்சும் வாங்க!" என்று கூவி, இரண்டு பேர் வந்து சேர்ந்த பிறகுதான் கிட்டே போவாள். அப்படி நிற்கிறபோது அவள் கைகள் முந்தானையை முறுக்கிக்கொண்டிருக்கும்.

மறுவருஷம் கருப்பண்ணன் தாமே கரட்டூருக்கு வந்து பட்டி போடக் கூப்பிட்டார். போனாள். அதற்கடுத்த வருஷம் வசந்தாமணி வண்டி கட்டிக்கொண்டு வந்தாள்.

"எங்க காட்டுலயும் ஒரு பத்து நாளைக்குப் போடோணுங்க" என்றாள். "அவரே சொல்லி உட்டாரு."

"அவரு சொன்னாருங்களா, நீங்க சொல்ல வெச்சீங்களா அம்மிணி?"

வசந்தாமணி சிரித்துவிட்டாள். செல்லியம்மாள் படலை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்:

"மொதல்ல கருப்பண்ணன் காடு. அவருக்கு வாக்குக் குடுத்தாச்சு. அது முடிஞ்சு மந்தையை அங்க திருப்பறேன். கெணத்தோரமா நல்ல நெழலா ஒரு எடம் ஒதுக்கி வைக்கச் சொல்லுங்க. இந்த வருசம் குட்டி நெறைய."